தலையை மழித்துப் பணம் திரட்டுவது குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உண்மையில் உதவுமா?

தோழியின் ஒன்பது வயது மகள் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறாள் என்றும், உங்களுடன் வேலை செய்பவர்கள் சிலர் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட ஒரே நாளில் ஒன்றாக மொட்டை அடித்துக்கொள்ளத் தீர்மானித்து உங்களையும் அழைக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இடுப்புவரை வளர்த்த முடியை இழப்பதில் உங்களுக்குத் தயக்கம் இருக்கிறது. அதைவிடப் பெரிய தயக்கம், அந்தக் குழந்தையின் துன்பத்தை வைத்து நடத்தும் காட்சியாக இது ஆகிவிடுமோ என்பது. பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாமா என்று முடித்திருக்கிறீர்கள். இப்படித் திரட்டும் பணம் ஏதாவது செய்கிறதா, இந்தச் செயல் அந்தச் சிறுமிக்கு ஆறுதலாக இருக்குமா பாரமாக இருக்குமா என்ற இரண்டையும் நீங்கள் கேட்பதாகவே எனக்குப் படுகிறது. குழந்தைகளுக்கான புற்றுநோய்ப் பிரிவில் 22 ஆண்டுகளாக மருத்துவராக இருக்கிறேன். இடையில் சில ஆண்டுகள், ஆராய்ச்சி விண்ணப்பங்களைப் படித்து நிதிக்குப் பரிந்துரைக்கும் குழு ஒன்றிலும் இருந்தேன். ஆகவே முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு நான் கண்டதை மட்டுமே சொல்ல முடியும். அதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முடி ஏன் உதிர்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலர் நினைப்பதுபோல் அது நோயின் விளைவு அன்று, மருந்தின் விளைவு. கீமோ எனப்படும் வேதிச்சிகிச்சை மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. புற்றணுக்கள் அப்படிப்பட்டவை, முடியின் வேரில் இருக்கும் அணுக்களும் அப்படிப்பட்டவையே. தலைமுடியில் நூற்றுக்கு எண்பத்தைந்து முதல் தொண்ணூறு வரை எப்போதும் வளரும் பருவத்தில் இருப்பதால், சிகிச்சை தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் தலையணை முழுக்க முடி கிடக்கிறது. பெரியவர்களின் சில புற்றுநோய்களில் தலையைக் குளிர்வித்து முடி உதிர்வைக் குறைக்கும் முறை உண்டு. ரத்தப் புற்றுநோயில் அதைப் பயன்படுத்துவதில்லை, மருந்து போய்ச் சேராத இடம் ஒன்றைத் தலையில் விட்டுவைக்கக் கூடாது என்பதால். இவற்றைவிட முக்கியமாக நீங்கள் அறிந்திருக்க வேண்டியது வேறொன்று. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் ரத்தப் புற்றுநோயான கடுமையான லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியாவின் சிகிச்சை ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் நீடிக்கும். தீவிரமான தொடக்கக் கட்டங்கள் முடிந்து, மாத்திரைகளை முதன்மையாகக் கொண்ட பராமரிப்புச் சிகிச்சை தொடங்கும்போது முடி பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். அப்போது சுற்றியுள்ளவர்கள் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். குழந்தையோ இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் மாத்திரைகளோடும் ரத்தப் பரிசோதனைகளோடும் இருக்கிறது. அந்தப் பருவத்தில்தான் குடும்பங்கள் தனித்து விடப்படுவதை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன்.

தலையை மழித்துப் பணம் திரட்டும் வழக்கம் பெரிய அளவில் பரவியதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி முக்கியக் காரணம். 2000ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று, செயின்ட் பேட்ரிக் திருநாளில், நியூயார்க்கைச் சேர்ந்த மறுகாப்பீட்டுத் துறை அதிகாரிகள் மூவர் தங்கள் துறையினரைக் கூட்டி மொட்டை அடிக்க வைத்தார்கள். பதினேழாம் தேதி, பதினேழு தலைகள், பதினேழாயிரம் டாலர் என்பதே அவர்கள் போட்ட கணக்கு; கிடைத்ததோ ஒரு லட்சம் டாலருக்கு மேல். அது ஆண்டுதோறும் நடந்து பல ஊர்களுக்குப் பரவியது; 'மொட்டை' என்று பொருள்படும் 'பால்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லை அந்தப் புனிதரின் பெயரோடு ஒட்டி உருவாக்கிய செயின்ட் பால்ட்ரிக்ஸ் என்ற பெயரில் தனி அறக்கட்டளையாகவும் வளர்ந்தது. 2005 முதல் அது குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வழங்கியுள்ள தொகை 30 கோடி டாலரைத் தாண்டும். அதற்கும் முன்பே, 1998 முதல், ஆஸ்திரேலியாவின் லுக்கீமியா அறக்கட்டளை இதுபோன்ற மழிப்பு இயக்கத்தை நடத்தி வருகிறது. ஆகவே இந்த வழியில் பெரும் பணம் திரளும் என்பதில் ஐயமில்லை.

பணத்தை மட்டும் கொடுத்துவிட்டால் போதாதா என்ற உங்கள் கேள்வி நியாயமானது. உங்கள் பணம் அளவில் அதே பணம்தான். ஆனால் நீங்கள் அமைதியாகக் கொடுத்தால் அது ஒருவரின் பணம். தலையை மழித்துக்கொள்கிறேன், அதற்காகக் கொடுங்கள் என்று ஐம்பது பேரிடம் கேட்டால் அவர்களில் பலர் வேறு எப்படியும் கொடுத்திருக்க மாட்டார்கள். மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டர் ஷஃபிர் ஆகிய இருவரும் 2013இல் வெளியிட்ட சோதனைகளில், நிதி திரட்டும் வழி வலியையோ உழைப்பையோ கோருவதாக இருந்தால் அதில் பங்கேற்பவர்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருவதைக் கண்டார்கள். தியாக விளைவு என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார்கள். அந்தச் சோதனைகள் மொட்டையை வைத்து நடந்தவை அல்ல என்பதால் அந்த முடிவை இங்கே அப்படியே பொருத்துவது சரியாகாது. பார்ப்பவர் ஏன் கொடுக்கிறார் என்பதும் தானே வலியை ஏற்பவர் ஏன் கொடுக்கிறார் என்பதும் ஒன்றல்ல. ஆனால் மொட்டைக்கு, ஓட்டப் பந்தயத்துக்கும் விருந்துக்கும் இல்லாத இயல்பு ஒன்று உண்டு: அது மறுநாள் முடிந்துபோவதில்லை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவிலேயே வளரும். அத்தனை மாதங்களும் உங்களைப் பார்ப்பவர்கள் காரணம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்தச் செயலின் பயன் பெரும்பகுதி அந்தப் பதிலில் இருப்பதாக நான் கருதுகிறேன்.

அந்தப் பணம் எதற்குத் தேவை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழந்தைப் புற்றுநோயை இப்போது குணப்படுத்திவிடலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 1948இல் பாஸ்டனைச் சேர்ந்த சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்னும் மருந்தை லுக்கீமியா கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, அவர்களில் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை அறிவித்தார். அதற்கு முன் அந்த நோய்க்கு எந்த மருந்தும் இப்படிப் பணியாற்றியதில்லை. 1960களின் தொடக்கத்தில்கூட அந்தக் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் பிழைப்பது அரிதாக இருந்தது. டொனால்ட் பிங்கல் போன்ற மருத்துவர்கள் பல மருந்துகளை ஒன்றாகச் சேர்த்து, மூளையையும் தண்டுவடத்தையும் நோயிலிருந்து காக்கும் சிகிச்சையையும் இணைத்த பிறகு நிலைமை மாறியது. இன்று வசதியுள்ள நாடுகளில் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காட்டினர் குணமடைகிறார்கள். இந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி, பல மருத்துவமனைகள் கூட்டாக ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, எந்த மருந்தை எந்த வரிசையில் எவ்வளவு கொடுப்பது என்று படிப்படியாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. அப்படிப்பட்ட கூட்டு ஆய்வுகளை நடத்துவதற்கு மருத்துவர்களின் நேரம் வேண்டும், தரவுகளைப் பதிபவர்கள் வேண்டும், மாதிரிகளைக் காக்கும் உறைபெட்டிகள் வேண்டும். இவற்றுக்குச் சம்பளமும் செலவும் யாராவது கொடுத்தாக வேண்டும்.

மறுபாதி உண்மை கசப்பானது. மூளைத்தண்டில் பரவும் டிஐபிஜி என்னும் கட்டி வந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. கதிர்வீச்சு சில மாதங்கள் நோயை அடக்குகிறது, அவ்வளவே. நான் பெற்றோரிடம் சொல்ல வேண்டியிருந்த சொற்களில் மிகக் கடினமானவை அந்த நோயைப் பற்றியவை. இத்தனை ஆண்டுகளில் அந்த உரையாடல் எளிதாகிவிடவில்லை. உலகளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ நான்கு லட்சம் குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வசதியுள்ள நாடுகளில் எண்பது விழுக்காட்டினருக்கு மேல் குணமடைய, வசதி குறைந்த பல நாடுகளில் முப்பது விழுக்காட்டுக்கும் குறைவானோரே குணமடைகிறார்கள். இந்த இடைவெளிக்கு நோயைக் காலத்தில் கண்டறியாமை, மருந்து கிடைக்காமை, சிகிச்சையைப் பாதியில் கைவிடுதல் ஆகியவை பெரிய காரணங்கள் என்பதால், ஆராய்ச்சிப் பணத்தால் மட்டும் அது அடைபடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குணமடைந்தவர்களின் நிலையும் ஆராய்ச்சிக்குரியது. டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்துகள் ஆண்டுகள் கழித்து இதயத்தைப் பலவீனப்படுத்தலாம். சிஸ்பிளாட்டின் என்னும் இன்னொரு கீமோ மருந்து கேட்கும் திறனைக் கெடுக்கலாம். உயிர் பிழைத்த குழந்தை பள்ளியில் ஆசிரியரின் குரல் கேட்காமல் பின்தங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டால், குணம் என்ற சொல்லை அத்தனை எளிதாகப் பயன்படுத்த மனம் வராது. பரவாத கட்டிகளுக்கு சிஸ்பிளாட்டின் பெறும் குழந்தைகளின் செவித்திறனைக் காக்க சோடியம் தயோசல்ஃபேட் என்னும் மருந்துக்கு அமெரிக்காவில் 2022இல் ஒப்புதல் கிடைத்தது. வேதியியல் கூடங்களில் நெடுங்காலமாகப் பழகிய அந்த எளிய சேர்மம் குழந்தைகளின் காதைக் காக்கும் என்று மெய்ப்பிப்பதற்கே பல ஆண்டு ஆய்வு தேவைப்பட்டது.

மருந்து நிறுவனங்கள் இவற்றைச் செய்யாதா என்று கேட்பீர்கள். சில செய்கின்றன, ஆனால் அமெரிக்காவில் கண்டறியப்படும் புற்றுநோய்களில் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுடையவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, அந்தச் சிறு தொகுதியும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல நோய்களாகப் பிரிந்து கிடக்கிறது. சந்தைக் கணக்கு அங்கே கூடிவருவதில்லை. இதனால்தான், பெரியவர்களுக்கு உருவாக்கும் சில புற்றுநோய் மருந்துகளைக் குழந்தைகளிடமும் ஆராய வேண்டும் என்று அமெரிக்காவில் 2017இல் சட்டம் இயற்ற நேர்ந்தது. அரசு நிதி பெரியது. ஆனால் ஏற்கெனவே ஓரளவு நிரூபிக்கப்பட்ட எண்ணத்துக்கே அது பெரும்பாலும் போகிறது. நான் இருந்த குழுவில் பார்த்தது இது: இளம் ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் நல்ல எண்ணம் இருக்கும், அதை நிரூபிக்கும் முதல் தரவு இருக்காது, தரவு இல்லாமல் பெரிய நிதி கிடைக்காது, நிதி இல்லாமல் தரவு கிடைக்காது. அந்த முடிச்சை அவிழ்ப்பது பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுக்கான சிறு நிதி நல்கைதான். பொதுமக்கள் தரும் பணம் அங்கேதான் தன் அளவை மீறிப் பணியாற்றுகிறது. அப்படித் தந்த நல்கைகளில் பல ஒன்றும் தராமல் முடிந்தன என்பதையும் மறைக்க மாட்டேன். எது காய்க்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது ஆராய்ச்சியாக இருக்காது. காய்த்தவற்றைப் பார்க்க வேண்டுமானால், இளம் நரம்பணுக்களில் தோன்றும் குழந்தைப் புற்றுநோயான நியூரோபிளாஸ்டோமாவின் கடுமையான வகைக்கு 2015இல் ஒப்புதல் பெற்ற டைனுடக்ஸிமாப் என்னும் மருந்து இருக்கிறது. அதன் ஆய்வில் இரண்டு ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 46 விழுக்காட்டிலிருந்து 66 விழுக்காடாக உயர்ந்தார்கள். உங்கள் தோழியின் மகளுக்கு வந்திருக்கக்கூடிய லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியாவிலேயே, பிளினாடுமோமாப் என்னும் மருந்தை வழக்கமான கீமோவுடன் சேர்த்தபோது மூன்றாண்டுகள் நோயின்றி இருந்தவர்கள் 87.9 விழுக்காட்டிலிருந்து 96 விழுக்காடானதை 2024இன் இறுதியில் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. அவளுக்கு அது பொருந்துமா என்பதை அவளுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவளைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்வது முறையன்று.

நிதி கேட்கும்போது உங்களுடன் இருப்பவர்கள் ஒரு புள்ளிவிவரத்தைச் சொல்லக்கூடும்: அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் நிதியில் நான்கு விழுக்காட்டையே குழந்தைகளுக்குச் செலவிடுகிறது என்பது. அந்த எண் பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. ஆனால் எந்த ஆய்வைக் குழந்தைகளுக்கானது என்று கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். உயிரணு எப்படிக் கட்டுப்பாடு இழக்கிறது என்று ஆராயும் அடிப்படை ஆய்வு எல்லா வயதினருக்கும் உதவுகிறது, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் நான்கு விழுக்காடு குறைவில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு; ஒரு குழந்தை இழக்கும் வாழ்நாட்களோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், ஆனால் அது என் சாய்வு. அந்த எண்ணை அநீதியின் ஆதாரமாகச் சொல்லாமல் உங்கள் வேண்டுகோளை எழுதுங்கள். அதைச் சொல்லாமலே கேட்பதற்குப் போதிய காரணங்கள் உள்ளன.

பணம் ஆராய்ச்சிக்குத்தான் போகிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லா மழிப்பு இயக்கங்களும் ஒரே நோக்கத்தை உடையவை அல்ல. பிரிட்டனில் மேக்மில்லன் என்னும் தொண்டு அமைப்பு நடத்தும் இயக்கம் புற்றுநோயாளிகளுக்குத் துணைநிற்கும் பணிக்கானது; ஆஸ்திரேலிய இயக்கம் ரத்தப் புற்றுநோய் கண்ட எல்லா வயதினருக்குமான உதவியையும் ஆராய்ச்சியையும் சேர்த்துத் தாங்குகிறது. இரண்டும் நல்ல பணிகளே; ஆனால் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்று சொல்லிப் பணம் வாங்கினால் அது அதற்கே போக வேண்டும். எந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற பட்டியலையும் தணிக்கை செய்த கணக்கையும் பொதுவில் வைத்திருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். விண்ணப்பங்களைத் துறை அறிந்த வெளியாட்கள் மதிப்பிடுகிறார்களா என்றும் கேளுங்கள். கணக்கு அறிக்கையை ஆழமாகப் படிப்பது என் தொழில் அன்று. அது தெரிந்த ஒருவர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் அவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள். வெட்டிய முடியைப் பொய்முடி செய்யக் கொடுக்கலாம் என்றும் யோசித்திருக்கிறீர்கள். கொடுக்கலாம், ஒரு பொய்முடிக்குப் பலரின் முடி தேவைப்படும். ஆனால் அது ஆராய்ச்சிக்கு உதவுவதாகாது. என்னிடம் வந்த சிறு குழந்தைகள் பெரும்பாலோர் பொய்முடி அரிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டுத் தொப்பியோடு ஓடினார்கள், பதின்பருவத்துப் பெண்களுக்கு மட்டும் அது பெரிய துணையாக இருந்தது.

இனி அந்தச் சிறுமியைப் பற்றி. நான் கண்ட இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். பத்து வயதுப் பையன் ஒருவனைப் பார்க்க அவனுடைய மாமா முன்கூட்டிச் சொல்லாமல் மொட்டைத் தலையோடு வந்தார். அன்பால் செய்தார், அதில் ஐயமில்லை. பையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மாலையில் செவிலியரிடம், "மாமா ஆசைப்பட்டு எடுத்தார், நான் ஆசைப்பட்டு எடுக்கலையே" என்றானாம். அவன் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. இன்னொரு குழந்தை, ஏழு வயதுச் சிறுமி, முடி கொட்டத் தொடங்கிய வாரத்தில் தந்தை அவளிடம் அனுமதி கேட்டார். அவள் டிரிம்மரைத் தானே பிடித்துத் தந்தையின் தலையில் கோணல்மாணலாகப் பாதை போட்டாள். மூன்று வாரத்தில் அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள் என்று தாய் சொன்னார். இரண்டு நிகழ்ச்சிகளை வைத்து விதி வகுக்க முடியாது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் கண்ட மற்றவையும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் சாயலிலேயே இருந்தன. கேட்டுச் செய்தால் குழந்தைக்குக் கொஞ்சம் அதிகாரம் திரும்பக் கிடைக்கிறது, கேட்காமல் செய்தால் இருந்த கொஞ்சமும் போகிறது. ஊசி, மருந்து, படுக்கை எதிலும் விருப்பம் கேட்கப்படாத குழந்தைக்கு இது சிறிய விஷயமில்லை.

ஆகவே உங்களுக்கு என் ஆலோசனை, மற்றவர்களிடம் எதையும் அறிவிப்பதற்கு முன் தோழியிடம் பேசுங்கள். அவர் சம்மதித்தால் சிறுமியிடம் நேரில் கேளுங்கள். அவள் பெயரையும் படத்தையும் பயன்படுத்தாமலே பணம் திரட்டலாம், அப்படிச் செய்வதே நல்லது என்பது என் எண்ணம். இணையத்தில் ஏறிய படம் அவள் பெரியவளான பிறகும் அங்கேயே இருக்கும். செய்வதென்று முடிவானால், ஒருவர் தலைக்குப் பயன்படுத்திய கருவியைச் சுத்தம் செய்யாமல் அடுத்தவர் தலைக்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சவரக் கத்தியைவிட முடி வெட்டும் எந்திரம் காயத்தைக் குறைக்கும். நெடுநாள் முடி மூடியிருந்த தோல் வெயிலில் விரைவில் கன்றிவிடும், முதல் வாரங்களில் தொப்பி அவசியம். அவளைப் பார்க்கப் போகும் நாளில் உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் போகாதீர்கள். அவளுடைய நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கும் காலம் அது, மொட்டையைவிட அந்தக் கவனம் அவளுக்கு அதிகம் உதவும்.

அவள் வேண்டாம் என்று சொல்லக்கூடும். சொன்னால் முடியை விட்டுவிட்டு, உங்கள் கூட்டத்துக்காகப் பணம் கேட்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஆள் கிடைக்காமல் நிற்பது அந்த வேலைதான். சரி என்று சொன்னால், முடி வளர்ந்துவரும் மாதங்களில் யார் கேட்டாலும் பதில் சொல்லுங்கள். உங்களுக்கும் அவளுக்கும் முடி வளர்ந்துவிட்ட பிறகும் அவள் இரவு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பாள். அப்போதும் தோழியை அழைத்து, அடுத்த பரிசோதனைக்கு யார் உடன் போகிறார்கள் என்று கேளுங்கள்.